என் ஆறு மாதத் தலைமை

எழுபதுகளின் நடுவில், ஆஸ்திரேலியாவின் பரமட்டாவில் எட்டு நாட்டுப் பெண்கள் சேர்ந்து ஒரு மன்றம் நடத்தினோம். குடியேறிய குடும்பங்களுக்கு வைத்திய வசதி, பிள்ளைப் பராமரிப்பு போன்றவற்றை அரசாங்கத்திடம் கேட்டு வாங்குவது எங்கள் வேலை. ஆறு மாதத்துக்கு ஒரு நாட்டின் தலைமை. தலைவி இரண்டு விடயங்களை மட்டும் கையில் எடுக்கலாம்: ஒன்று அவள் விரும்பியது, மற்றது முந்தைய தலைவி விட்டுப்போகும் இரண்டில் ஒன்று. எடுக்கப்படாத மற்றது, அந்த முந்தைய தலைவியின் நாட்டுக்கு மீண்டும் முறை வரும்வரை, கிட்டத்தட்ட நாலு வருடம் கிடப்பில் கிடக்கும்.

எனக்கு முன் இருந்தவள் இத்தாலிக்காரி. அவளைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். என்னுடையது கான்வென்ட் ஆங்கிலம், இலக்கணம் பிசகாது; நான் பேசினால் எல்லோரும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அவளுடையது நொண்டி ஆங்கிலம். அவள் எழுந்தால் தேநீர் குடிப்பவர்கள்கூடக் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார்கள்.

ஆஸ்பத்திரி வார்டுகளில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பது அவள் எடுத்த விடயம். "தாய்க்குக் கெட்ட செய்தியை மகள் வாயாலா சொல்ல வைப்பது?" என்று அவள் கேட்டபோது கிரேக்கக்காரி அழுதேவிட்டாள். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியே சம்மதிக்கும் நிலைக்கு வந்திருந்தது. அடுத்த தலைவியின் கையெழுத்தோடு ஒரு கடிதம் போனால் போதும்.

அடுத்த தலைவி நான்.

அவள் விட்டுப்போன மற்றது, தொழிற்சாலைப் பெண்களுக்கான பிள்ளைக் காப்பகம். அதற்கு இடமும் இல்லை, கேட்பாரும் இல்லை. நான் அதைத்தான் எடுத்தேன். எங்கள் ஆட்களுக்கு ஆங்கிலம் தெரியும், மொழிபெயர்ப்பாளருக்கு இப்போது அவசரமில்லை என்று கூட்டத்தில் சொன்னேன். பொய். மொழிபெயர்ப்பாளர் வந்தால் அவள் பெயர்தான் நிற்கும், கையெழுத்துப் போட்ட என்னை யார் நினைப்பார்கள்? அவள் தான் எழுதி வைத்திருந்த அந்தக் கடிதத்தை என்னிடம் தந்து கன்னத்தில் முத்தமிட்டாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் கணவர் விடவில்லை.

"முடியப்போற விசயத்தை ஏன் விட்டனீர்?"

"அது அவவின்ர விசயம்."

"எரிச்சல் எண்டு சொல்லுமன்."

"ஓம், எரிச்சல்தான். சோறு ஆறப்போகுது, சாப்பிடுங்கோ."

ஐந்தாம் மாதம் ஒரு மத்தியானம், பதிவு மேசையிலிருந்து ஒரு நோயாளியின் பைலைக் கொண்டு வார்டுக்குப் போனேன். கட்டிலில் இத்தாலிக்காரியின் அம்மா. டாக்டர் மகளிடம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்: கட்டி ஈரலுக்குப் பரவிவிட்டது, இனி வெட்டியும் பயனில்லை. "அம்மாவுக்குச் சொல்லுங்கள்," என்றுவிட்டுக் காத்து நின்றார்.

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, பிறகு சொன்னாள். தாய் மெல்லக் கையை உயர்த்தி மகளின் கண்களைத் துடைத்துவிட்டாள். நான் பைலோடு கதவடியில் நின்றேன்.

வெளியே வந்தவள் என்னைக் கண்டதும் கையைப் பற்றினாள்.

"காப்பகத்துக்கு இடம் கிடைத்ததா?"

"இல்லை."

"கிடைக்கும். நீ கெட்டிக்காரி."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த நேரத்திலும் அப்படிக் கேட்க முடிந்த அவள்மேல் எனக்குப் பொறாமைதான் வந்தது. கீழே என் மேசை லாச்சிக்குள் அவளுடைய கடிதம் கையெழுத்தில்லாமல் கிடந்தது.