இரண்டு கழிப்பறைகளுக்கு நடுவே

‘பெண்களுக்கு ஒரு கழிப்பறை, மாற்றுத்திறனாளிகளுக்குச் சாய்தளத்துடன் ஒன்று.’ சென்ற ஆண்டு ஆடி முதல் வெள்ளியன்று, விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடங்களுக்காக நான் எழுதிக் கொடுத்த மனுவின் வாசகம் இது. தை பிறப்பதற்குள் இரண்டையும் கட்டிவிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மாசியில், அங்கே பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும் செல்வி சுருண்டு விழுந்தார். இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் சூம்பிப்போனவர். ஆட்டோவில் நானும் கூடப் போனேன். சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்ற மருத்துவர், தண்ணீரே குடிப்பதில்லையா என்று அதட்டினார்.

“எப்படிங்க குடிக்கிறது? பொம்பளைங்க கக்கூஸுக்கு அஞ்சு படி ஏறணும். சரிவு வச்சது ஆம்பளைங்க பக்கம் இருக்குது, கதவுக்குத் தாழ்ப்பாகூட கெடையாது. காலையில வூட்ல போறதோட சரி” என்றார் செல்வி. பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“மனு எழுதுறப்ப, நீ பொம்பளையா நொண்டியான்னு என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே சார்? ரெண்டுந்தான்னு சொல்லியிருப்பேன்.”

மறுநாளே, மனுவைக் கொடுத்த அரசு அலுவலகத்துக்கு ஓடினேன். பெண்கள் கழிப்பறைக்கும் சாய்தளம் வேண்டும் என்று கெஞ்சினேன்.

“பொம்பளைங்கன்னா ஒரு பிரிவு, சாய்தளம்னா வேற பிரிவு. ரெண்டுலயும் வேலை முடிஞ்சிடுச்சின்னு எழுதியாச்சி. இத எதுல சேக்குறது சார்?” என்றார் அதிகாரி.

வாரந்தோறும் போகிறேன். படிகள் அப்படியேதான் இருக்கின்றன. செல்வி வேலையை விட்டுவிட்டுப் பெண்ணாடத்தில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். அவருக்கு டயாலிசிஸ் தொடங்கிவிட்டதாகக் கூடத்தில் பேசிக்கொள்கிறார்கள். எதையும் விசாரித்துச் சரிபார்த்தே எழுதிப் பழகியவன் நான். இதை மட்டும் இன்னும் சரிபார்க்கவில்லை. அவர் குரலைக் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.