வகிடு மாற்றிய தலை

கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் அந்தப் பெண்கள் பார்லரில் மொத்தம் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் ஆள் உட்காரும், இன்னொன்றில் ஆளின் பை உட்காரும். நடத்துகிறவளை எல்லோரும் அக்கா என்பார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் கூசாமல் அக்கா என்பார்கள். அதில் அவளுக்கு வருத்தம் உண்டு, வாடிக்கையை விட்டுக்கொடுக்கும் அளவுக்கு இல்லை.

அவள் கைவேலைக்காக வந்த கூட்டம் பாதி, அவள் காதுக்காக வந்த கூட்டம் மீதி. முக்கியமாகப் பள்ளி விட்டதும் படியேறி வரும் பெண் பிள்ளைகள். வீட்டில் எதைக் கேட்டாலும் 'ம்' என்பதற்கு மேல் வாய் திறக்காத பிள்ளைகள், இங்கே கழுத்தில் துணியைக் கட்டியதும் மடமடவென்று கொட்டித் தீர்ப்பார்கள். ஒருத்தி கணக்கில் பெயிலானதை மறைத்திருப்பாள். ஒருத்திக்குப் பெற்றவர்கள் பிரிந்துவிடுவார்களோ என்று பயம். இன்னொருத்தி எதுவும் சொல்லாமல் அழுவாள். புருவம் திருத்தும் நூல் சுருக்கென்று இழுத்ததால் அழுகிறாள் என்று அக்காவும் நம்புகிற மாதிரி இருந்துகொள்வாள்.

இதில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. பின்னால் நிற்க வேண்டும். முகத்தை நேருக்கு நேர் பார்க்கக் கூடாது. கேள்வி கேட்கக் கூடாது. கை மட்டும் நிற்கக் கூடாது, ஏனென்றால் கை நின்றால் பேச்சும் நின்றுவிடும். வெட்ட ஒன்றுமில்லாமல் போனாலும் அக்கா சும்மா சீவிக்கொண்டே இருப்பாள். காதில் விழுந்ததை யார் அம்மாவிடமும் சொன்னதில்லை. "எம்பொண்ணு அப்படி என்னதான் உங்ககிட்ட பேசுறா?" என்று துப்பறிய வரும் அம்மாக்களை, "முடி கொட்டுதுன்னு சொல்றா" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவாள். அவர்கள் படியிறங்கிப் போகும்போது மனசுக்குள் ஓர் இளக்காரம். பெற்ற பிள்ளையின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்கத் துப்பில்லை, இவர்களெல்லாம் ஒரு அம்மா என்று நினைத்துக்கொள்வாள். ரொம்ப நாள் அப்படி நினைக்க அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அவளுக்கும் ஒரு மகள், பதினைந்து வயது. கணவர் லாரி ஓட்டுகிறவர். வந்தால் தூங்குவார், எழுந்தால் கிளம்புவார். ஆக, வீட்டில் இரண்டே பேர். பார்லரை மூடிவிட்டு வரும்போது அக்காவுக்குக் கால் வீங்கியிருக்கும், ஊரார் பிள்ளைகளின் கதை கேட்டுக் காது சலித்திருக்கும். மகள் கதவைத் திறந்து, "வந்துட்டியா" என்பாள். "வந்துட்டேன்" என்பாள் இவள். பெரும்பாலும் அதோடு அன்றைய பேச்சு முடிந்தது. என் மகள் ஒரு தொல்லையும் கொடுக்கமாட்டாள் என்று வாடிக்கையாளர்களிடம் பெருமை வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து மகள் பார்லருக்கு வந்தாள். கூப்பிடாமல் அவளாக வந்தது அதுதான் முதல் தடவை. நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, தலையில் மாட்டியிருந்த தொப்பியைக் கழற்றினாள். இடது காதுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லை. அங்கங்கே கட்டையாகச் சில மயிர்கள், நடுவில் சிவப்புப் புள்ளிகள். எத்தனையோ தலைகளைப் பார்த்த அக்காவுக்கு ஒரு பார்வை போதும். அது தானாகக் கொட்டிய முடி இல்லை. விரலால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிய முடி.

"அம்மா..." என்றாள் மகள், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு. "ஸ்கூல்ல..."

பயந்தால் சிலர் கத்துவார்கள், சிலர் அழுவார்கள். அக்கா சீப்பை எடுத்தாள்.

"ஸ்கூல்ல யாராவது பாத்துட்டாங்களா?"

"வெள்ளிக்கிழமை கிளாஸ் டீச்சர் பாத்தாங்க. திங்கக்கிழமை வந்து என்னைப் பாருன்னாங்க."

"அவ்ளோதானே? அம்மா எதுக்கு இருக்கேன்? நாளைக்கு அவங்க பூதக்கண்ணாடி வெச்சுப் பாக்கட்டும், ஒண்ணும் தெரியாது."

அன்று அவள் கை செய்த வேலையைக் குறை சொல்ல முடியாது. வகிட்டை இடமிருந்து வலத்துக்கு மாற்றினாள். உச்சி முடியை எடுத்து, அடியில் பின்பக்கமாகச் சீவிப் புசுபுசுவென்று தூக்கினாள். முடியில்லாத இடத்தில் கறுப்புப் பவுடரைத் தட்டி, மேலே ஓர் அடுக்கை மெல்ல இறக்கி, வெளியே தெரியாமல் இரண்டு பின் குத்தினாள். நடுவில் மகள், "அம்மா, நான் சொல்ல வந்தது என்னன்னா..." என்றாள். "ஆடாதடி, பின் குத்திரும்" என்றாள் அக்கா. யார் யார் பிள்ளைகளுக்கோ வாயை மூடிக்கொண்டு நின்றவள், தன் பிள்ளைக்கு வாய் ஓயாமல் பேசினாள். சத்து மாத்திரை வாங்கலாம், ஷாம்பூவை மாற்றலாம், படுக்கும்போது கையுறை போட்டுக்கொள், இந்த வயதில் இதெல்லாம் வருகிறதுதான். மகள் கண்ணாடியில் தன் தலையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அதே வகிடு, அதே பவுடர், அதே பின். மகள் ஆடாமல் உட்காருவாள். இவளும் சீக்கிரமே கைபழகி, பால் பொங்குவதற்குள் வேலையை முடித்துவிடுவாள்.

சில வாரம் கழித்துக் கிளாஸ் டீச்சர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். அக்கா துணியை உதறி நாற்காலியைக் காட்டினாள்.

"முடி வெட்ட வரலைங்க. உங்க பொண்ணைப் பத்திப் பேசணும்." டீச்சர் நின்றபடியே சொன்னார். "அன்னைக்கு அவ தலையைப் பாத்ததும் எனக்குத் திக்குனு ஆயிருச்சு. தனியா கூப்பிட்டுக் கேக்கலாம்னுதான் திங்கக்கிழமை வரச் சொன்னேன். வந்து நின்னா. பாத்தா ஒண்ணுமே இல்ல, அவ்ளோ அழகா சீவியிருந்தா. நான்தான் ஏதோ தப்பாப் பாத்துட்டேன்னு நினைச்சு, ஒண்ணுமில்லமா போன்னு அனுப்பிட்டேன்."

"இப்ப என்ன ஆச்சு டீச்சர்?"

"மத்தியானம் பாத்ரூம்ல உக்காந்து சாப்பிடுறா. பெருக்குற அம்மா பாத்துட்டு வந்து சொன்னாங்க, ரொம்ப நாளாவே அப்படித்தானாம். விசாரிச்சேன். கிளாஸ்ல ஒருத்தரும் அவகிட்ட பேசறதில்ல, பக்கத்துல உக்காந்தா எல்லாரும் எந்திரிச்சுப் போயிடறாங்க. ஏன்டா இப்படின்னா, ஒருத்தருக்கும் காரணம் சொல்லத் தெரியல. சும்மா ஆரம்பிச்சோம்னு சொல்லுதுங்க." டீச்சர் கொஞ்சம் தயங்கினார். "வீட்ல உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?"

முடி கொட்டுதுன்னு சொன்னா என்று வழக்கம்போல வாய்வரை வந்தது. அக்கா இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினாள். டீச்சர் போன பிறகு, புருவம் திருத்த வந்து நின்ற பெண்ணிடம் நாளைக்கு வரச் சொல்லிவிட்டுக் கடையைப் பூட்டினாள். தெருவில் நடக்கும்போது அவமானமாக இருந்தது. அழுகையாகவும் இருந்தது.

மகள் மேஜையில் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். அக்கா பின்னால் போய் நின்று, பின்களை மெதுவாக உருவினாள். மேல் அடுக்கு முடி சரிந்தது. உள்ளங்கை அகலத்தில் இருந்தது இப்போது பின்னந்தலை வரைக்கும் போயிருந்தது. மூடியிருந்த இடத்தில் யார் கண்ணும் படாமல் அவ்வளவும் பிடுங்கப்பட்டிருந்தது. அதன்மேல் தினமும் பவுடரைத் தட்டியவள் இவள்தான். வேகத்தில் பார்க்கவே இல்லை.

"டீச்சர் வந்துட்டுப் போனாங்க" என்றாள் அக்கா. "எல்லாம் சொன்னாங்க."

மகள் எழுதுவதை நிறுத்தவில்லை.

"எங்கிட்ட ஏண்டி சொல்லல கண்ணு?"

"சொல்லத்தான் வந்தேன்." குரலில் கோபம்கூட இல்லை. "மூணு நாள் யோசிச்சு, கடையில யாரும் இல்லாத நேரமாப் பாத்து வந்தேன். உன் சேர்ல உக்காந்தா எல்லாரும் சொல்லிருவாங்கன்னு நீதானே அப்பாகிட்ட சொல்லிட்டிருந்த."

அக்கா கீழே தரையில் உட்கார்ந்தாள். மகளின் முழங்காலில் கை வைத்தாள். "இப்பச் சொல்லு. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். சத்தியமா."

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

"இப்ப வரலம்மா" என்றாள்.

சொன்னபடி அக்கா ஒன்றும் பேசவில்லை. மகள் மறுபடியும் எழுதத் தொடங்கினாள். அவளுடைய இடது கை மெதுவாக மேலே ஏறித் தலைக்குப் போய், மிச்சமிருந்த முடியில் ஒன்றைத் தேடிப் பிடித்தது. அந்தக் கையைப் பிடித்து நிறுத்துவதா, பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதா என்று தெரியாமல் அம்மா தரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.