கார்த்தேஜில் அறுத்த கூந்தல்

அழிந்துபோன நகரம் ஒன்றின் கதையைக் கேட்டு ஒரு வீட்டில் ஒரு முடிவு எடுக்கப்பட்டால், அந்த முடிவின் விளைவில் கதை சொன்னவருக்கும் பங்கு உண்டா? பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில், லயம் எனப்படும் தொழிலாளர் வரிசைவீடுகளுக்கு நடுவே, ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்களுக்கு வரலாறு சொல்லிவந்த காலத்தில் என்னைப் பிடித்த கேள்வி இது.

அன்று, மத்தியதரைக் கடல் யாருக்கு என்று ரோமும் கார்த்தேஜும் தலைமுறைகளாக மோதியதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் கடலையும் இரு நகரங்களையும் வரைந்திருந்தேன். கேட்டவர்கள் ஒருவர் தலையை ஒருவர் வாரிக்கொண்டிருந்தார்கள்.

“ரெண்டு லயத்துக்கு ஒரே கொழாயின்னா சும்மாவா இருப்பாங்க?” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

ரோம் முதலில் தீவுகளைப் பறித்தது, பிறகு கப்பல்களை. கடைசியில், ஆயுதங்களை ஒப்படைத்தால் அமைதி என்று நம்பவைத்தது. கார்த்தேஜ் ஒப்படைத்த பிறகே, கடற்கரையை விட்டு உள்ளே போய்விடுங்கள் என்ற ஆணை வந்தது. மறுத்த மக்கள் புதிய ஆயுதங்கள் செய்தார்கள். கல்லெறியும் பொறிகளுக்குக் கயிறு திரிக்கப் பெண்கள் தம் கூந்தலை அறுத்துக் கொடுத்தார்களாம்.

சீப்புகள் நின்றன.

கூட்டத்தில், எஞ்சினுக்குக் கரி அள்ளிப்போடும் தொழிலாளி ஒருவரின் இளம் மனைவி இருந்தார். கணவர் நெடுநாள் காய்ச்சலில் வீட்டிலேயே கிடந்தார். பெரியாஸ்பத்திரிக்குப் போனவர்கள் திரும்புவதில்லை என்று மாமியார் தடுத்திருந்தார். கணவர் எழுந்து நடந்தால் பத்துமலைக் கோயிலில் முடி இறக்குவதாக இவர் வேண்டியிருந்ததும் எல்லோருக்கும் தெரியும்.

“முடியக் குடுத்தும் ஊரு பொழைக்கலையா, டீச்சரம்மா?” என்று கேட்டார் அந்த இளம் மனைவி.

“இல்லம்மா. எரிச்சிட்டாங்க. மிஞ்சினவங்கள அடிமையா வித்துட்டாங்க.”

“ஆயுதம் கையில இருந்தப்பவே எதுத்திருக்கணும்” என்றார், தமக்குள் பேசுவதுபோல. “எல்லாத்தையும் விட்டுட்டு அப்புறம் முடியக் குடுத்து என்ன ஆவப்போவுது?”

“எந்த ஊரு சண்டைக்கோ நீ ஏண்டி மூஞ்சியத் தொங்கப்போடுற? திரும்பு, பின்னி முடிக்கிறேன்” என்றார் பின்னால் இருந்தவர்.

அந்தப் பெண் திரும்பவில்லை. பாதிப் பின்னலோடு எழுந்து போனார். மாமியார் வாசலை மறித்து நிற்க, அண்டை வீட்டார் இருவர் துணையோடு கணவரை ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

சில நாட்களில் கணவர் அங்கேயே இறந்தார். முன்பே கொண்டுவந்திருக்கலாம் என்றார் டாக்டர். வீட்டிலேயே விட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்றார் தாய். இரண்டும் என் காதுக்கு வந்தன. எதையும் மறுக்க எனக்குத் துணிவில்லை. கழுவிவிட்ட பின்னும், நான் கார்த்தேஜை வரைந்த இடத்தில் கால் வைக்க முடியாமல் சுற்றிக்கொண்டு போவேன்.

டீச்சர் கதை குடியைக் கெடுக்கும் என்ற பேச்சு லயமெங்கும் பரவியது. துக்க நாட்கள் கழிந்த ஒரு ஞாயிறன்று அந்தப் பெண் வந்து, வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார்.

“வித்தாங்கன்னீங்களே, அந்தச் சனம் எந்தக் கரையில போயி எறங்குச்சு?”

நான் படித்த நூல்கள் அதைச் சொல்லவில்லை. தெரியாது என்றேன்.

அதன்பின் என் ஞாயிறு வகுப்புக்கு அவர் ஒருவர் மட்டுமே வந்தார்.