தெருமுனைப் பிள்ளையாரும் என் ரேஸும்

நான் என்ன வேலை செய்கிறேன் என்பது எங்கள் ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. சிதம்பரம் வடக்கு வீதிப் பக்கம் வந்து என் அம்மாவிடம் கேட்டால், "காரு கம்பெனியில இருக்கா" என்பாள். கடலூரில் அரசாங்க உத்தியோகம் பார்க்கும் அப்பா இன்னும் உஷார். "ஸ்போர்ட்ஸ்ல இருக்குது" என்று சொல்லிவிட்டு உடனே மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

பெண் பார்க்க வந்தவர்களிடம் ஒருமுறை நானே உண்மையைச் சொன்னேன். ரேஸ் கார் ஓட்டுகிறேன், பல வருஷமாக அதுதான் தொழில், ஒரு டீமில் சம்பளத்துக்கு இருக்கிறேன் என்று. மாப்பிள்ளையின் மாமா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ டிரைவரு" என்றார். ஆமாம், டிரைவர்தான். அந்தச் சம்பந்தம் அதோடு சரி. எனக்கொன்றும் நஷ்டமில்லை. மாப்பிள்ளைக்கு ரிவர்ஸ் எடுக்க வராது. எங்கள் தெருவிலிருந்து அவர்கள் காரைப் பின்னால் எடுத்து மெயின் ரோட்டில் விட்டுக் கொடுத்ததே நான்தான்.

டிரைவர் என்கிற அந்த ஒன்றை மட்டும் சொந்தக்காரர்கள் நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். யார் வீட்டுக் கல்யாணமானாலும், "ரேஸ் ஓட்டற பொண்ணு வூட்டுலயே இருக்குது, ஆக்டிங் டிரைவர் எதுக்கு?" என்று சாவியை என் கையில் திணித்துவிடுவார்கள். அப்படித்தான் ஒரு முகூர்த்தத்துக்குக் குமராட்சி மாமா குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கடலூருக்குப் போனேன். நான் ரோட்டில் அறுபதைத் தாண்ட மாட்டேன். வேகம் என்றால் என்னவென்று தெரிந்தவள், எதிரே மாடும் மினிபஸ்ஸும் சேர்ந்து வருகிற ரோட்டில் அதைக் காட்டுவேனா? பின்சீட்டில் மாமா நெளிந்துகொண்டே வந்தார். பரங்கிப்பேட்டை பிரிவு வந்ததும் அவரால் தாங்க முடியவில்லை.

"இன்னாம்மா இது, டவுன் பஸ்ஸே நம்மளத் தாண்டிப் போவுது? நான் தாலி கட்டறதப் பார்க்கணும்மா."

போய்ச் சேர்ந்தபோது முதல் பந்தி எழுந்துவிட்டது. இன்றைக்கும் அந்த வீட்டில் யாராவது தாமதமாகக் கிளம்பினால் என்னைச் சொல்லித்தான் திட்டுகிறார்களாம்.

இந்த அழகில், அம்மா என் ரேஸ் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. டிராக்கில் வந்தும் பார்த்ததில்லை, போனில் வந்தாலும் பார்க்கமாட்டாள். "பெத்தவளால அதப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்க முடியாதுடி" என்பாள். அதற்குப் பதிலாக ஒரு வேண்டுதல் வைத்துக்கொண்டாள். டிராக்கில் நான் ஒரு சுற்று வந்தால், எங்கள் தெருமுனைப் பிள்ளையாரை அவள் ஒரு சுற்று வருவாள். நான் எத்தனையோ அவளும் அத்தனை. பக்கத்திலேயே அவ்வளவு பெரிய கோயில் இருக்கிறதே, அங்கே போயேன் என்றேன்.

"அங்க மத்தியானம் நடை சாத்திடுவாங்க. உன் ரேஸு அந்த நேரம் பார்த்துதான் நடக்குது. இவரு எந்நேரமும் இருக்காரு. அதுவும் இல்லாம, உலகத்துலயே மொத மொத ரேஸுல ஜெயிச்சவரு இவருதான்."

"அம்மா, அவரு ஓடவே இல்லையே! தம்பி உலகத்தையே சுத்திட்டு வர்றாரு, இவரு அப்பா அம்மாவச் சுத்திட்டுப் பழத்த வாங்கிக்கிட்டாரு. எங்க டிராக்குல அப்படிக் குறுக்கே போனா கொடியக் காட்டி வெளிய அனுப்பிடுவாங்க."

"வாய மூடுடி, நாளைக்கு ரேஸ வச்சுக்கிட்டு!" என்று எனக்கும் சேர்த்து அவளே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஆரம்பத்தில் இது ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதெல்லாம் நான் ஓட்டியது சின்ன ரேஸ்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பா தன் வண்டியைப் பிள்ளையார் கோயில் நிழலில் ஸ்டாண்டு போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்வார். எந்தக் கார் எப்போது சுற்று முடிகிற கோட்டைத் தாண்டுகிறது என்பது அவர் போனில் அப்போதைக்கப்போது வந்துகொண்டிருக்கும். என் கார் தாண்டியதும், "வந்துட்டா!" என்று ஒரு குரல் கொடுப்பார். அம்மா ஒரு சுற்று சுற்றுவாள். அடுத்த குரல் வரும்வரை முந்தானையால் விசிறிக்கொண்டு நிற்பாள். நடுவில் நெட் நின்றுவிட்டால் அவ்வளவுதான். "அவ நின்னுட்டாளா, நெட்டு நின்னுடுச்சா, பார்த்துச் சொல்லுங்களேன்!" என்று அவள் போடுகிற சத்தத்தில் பிள்ளையாரே எழுந்து போனைப் பார்த்திருப்பார்.

பிறகு நான் நெடுநேர ரேஸுக்கு மாறினேன். நான்கு மணி நேரம் ஓடவேண்டும். ஒரே கார், இரண்டு டிரைவர்கள், பாதி நேரம் ஒருவர், மீதி நேரம் இன்னொருவர். வேண்டுதல் வைக்குமுன் அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த முதல் ரேஸ் முடிந்தபோது எனக்குக் கழுத்து திரும்பவில்லை, அவளுக்கு முட்டி மடங்கவில்லை. அப்பா வேண்டுதலைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொன்னார். சாமியிடம் சொன்ன சொல்லைக் குறைப்பதா என்று அவரை ஒரு பிடி பிடித்தாள். தைலம் தேய்த்துக்கொண்டே யோசித்து, கடைசியில் வழியையும் அவளே கண்டுபிடித்தாள்.

"நான் உனக்குத்தானே வேண்டிக்கிட்டேன், காருக்கா வேண்டிக்கிட்டேன்? நீ ஓட்டறப்போ நான் சுத்தறேன். அந்தப் பையன் ஓட்டறத அவுங்க அம்மா சுத்தட்டும்."

அந்தப் பையன் என்றால் என்னோடு கார் ஓட்டுகிறவன். கோயம்புத்தூர்க்காரன், என்னைவிடச் சின்னவன், என்னைவிட வேகமானவன். இரண்டாவதை அவன் முன்னால் நான் சொல்வதில்லை. நாள் முழுக்க அவன் பேசுவதைச் சேர்த்து வைத்தால் ஒரு பக்கம் தேறாது. அவனுக்கு அம்மா இல்லை. அவன் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே இறந்துவிட்டார்கள். எனக்கு அது தெரியும், ஆனால் அம்மாவிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் அவன் பங்கையும் இவளே இழுத்துப் போட்டுக்கொள்வாள், அப்புறம் அந்த முட்டியை யார் பார்ப்பது?

போன சீசன் எனக்குச் சரியில்லை. ஒரு ரேஸில் காரைச் சுவரில் கொண்டுபோய் வைத்தேன். அடுத்ததில் இன்ஜின் போனது. கடைசி ரேஸுக்கு முன்னால் டீம் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஜெயிக்க வேணாம், காரை முடிவு வரைக்கும் கொண்டுவாங்க. இல்லேன்னா அடுத்த சீசன் உங்க சீட்டுக்கு நான் வேற ஆள் பார்க்கணும்" என்றார். முப்பதைத் தாண்டிய பிறகு சீட் போனால் இன்னொரு டீம் கூப்பிடாது. கல்யாணச் சந்தையில் எனக்கு என்ன நிலைமையோ அதே நிலைமைதான் இங்கேயும். எனக்கு வேறு தொழிலும் தெரியாது. பயமாக இருந்தது.

ரேஸ் அன்று முதல் பாதியை நான் ஓட்டினேன். காருக்குள் அடுப்படிச் சூடு, கையுறைக்குள் வியர்வை தேங்கிக் கிடந்தது. ஆனாலும் ஒரு கீறல் இல்லாமல், நல்ல இடத்தில் கொண்டுவந்து பையனிடம் கொடுத்தேன். அவன் ஏறிப் போனான். ஐஸில் நனைத்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் இன்ஜினியரின் முகம் மாறியது. கியர்பாக்ஸ் கொதிக்கிறது, ஒரு கியர் விழவே இல்லை. ரேடியோவில் பையனிடம், "நிறுத்திடலாமா? உள்ளே வந்துடறியா?" என்று கேட்டார். நிறுத்தினால் கியர்பாக்ஸ் பிழைக்கும், என் சீட் போய்விடும். அவன் சீட்டுக்கு ஒரு ஆபத்தும் இல்லை, அவனை எந்த டீமும் கொத்திக்கொண்டு போகும்.

"முடிவு வரைக்கும் கொண்டாந்தர்றனுங்க" என்றான். அவ்வளவுதான்.

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டேன். அம்மாதான் எடுத்தாள்.

"முடிஞ்சுதாடி?"

"இல்லம்மா. காரு மக்கர் பண்ணுது. நின்னுடும்போல இருக்கு. நின்னா என் வேலை போச்சும்மா. வேண்டிக்கோ."

"உன் சுத்தெல்லாம் ஆயிடுச்சே. பையன் ஏறிட்டான்னு அப்பா சொன்னாரு, வூட்டுக்கு வந்துட்டோம். வெந்நீர்ல கால வச்சிருக்கேன். அவுங்க அம்மாவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லு, நிறுத்தாம சுத்தச் சொல்லு."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "அவனுக்கு அம்மா இல்லம்மா! அவனுக்காக யாரும் சுத்தலை!" என்று கத்திவிட்டேன். டயர் உருட்டிக்கொண்டு போனவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் பக்கம் தண்ணீர் சலசலப்பது மட்டும் கேட்டது.

"இத்தனை நாளா யாருமே சுத்தாமலா அவன் ஓட்டிக்கிட்டிருந்தான்?" என்றாள். போன் கட்டாகிவிட்டது.

நான் உள்ளே போய்த் திரையைப் பார்த்தேன். நாங்கள் இடம் மேல் இடமாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தோம். ஒவ்வொரு காராக அவனைத் தாண்டிப் போனது. அவன் யாரோடும் போட்டி போடவில்லை. விழாத கியரை விட்டுவிட்டு, வளைவுகளில் கெஞ்சிக் கூத்தாடி, உடம்பு முடியாதவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவருவதுபோல் காரைக் கொண்டுவந்தான். ஒவ்வொரு முறையும் கோட்டைத் தாண்டும்போது நான் மூச்சை விட்டேன். ரேஸ் முடிந்ததென்று கட்டம்போட்ட கொடியைக் காட்டியபோது எங்களுக்குப் பின்னால் ஒரே ஒரு கார்தான் இருந்தது. ஆனால் முடித்துவிட்டோம். முதலாளி வந்து என் தோளைத் தட்டி, "அடுத்த சீசனும் நீங்கதான்" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் ஆட்டினேன், பாவம், அவர்தான் இழுத்துக்கொண்டார்.

சொல்லலாம் என்று வீட்டுக்குப் போன் போட்டால் எடுக்க ஆளில்லை. மறுபடி போட்டேன், மறுபடி போட்டேன். ரொம்ப நேரம் கழித்துத் தூக்கக் கலக்கத்தோடு அப்பா எடுத்தார்.

"அம்மா எங்கப்பா?"

"இங்கதானே இருந்தா... கதவு திறந்து கெடக்குது. செருப்பு வாசல்லயே இருக்குது."

"ரேஸ் முடிஞ்சு அரை மணி நேரம் ஆவுதுப்பா! பிள்ளையார்கிட்டப் போய்ப் பாருங்க!"

போனைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடினார். அவர் மூச்சு வாங்குவதும், ஏதோ ஷேர் ஆட்டோ ஹாரன் அடிப்பதும் கேட்டது. பிறகு தூரத்தில் அம்மாவின் குரல்.

"குறுக்க நிக்காதீங்க, தள்ளுங்க. இன்னும் முடியலை."

"முடிஞ்சுடுச்சாம்டி!"

"தூங்கிக்கிட்டிருந்த ஆளுக்கு எப்படித் தெரியும்?"

போனை அவளிடம் கொடுக்கச் சொன்னேன். நான் சொல்லியும் நம்பவில்லை. அவளுக்கு மூச்சு இரைத்தது, ஆனாலும் நடந்துகொண்டேதான் பேசினாள்.

"எனக்குக் கால் வலிக்கும்னு நீ பொய் சொல்லுவ. அம்மா இல்லாத புள்ளைன்னு இத்தனை நாளா ஒரு வார்த்தை சொன்னியா? ஓட்டினவனச் சொல்லச் சொல்லு, நிறுத்தறேன்."

பையன் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். தலைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. சிதம்பரத்தில் எங்கம்மா உனக்காகப் பிள்ளையாரைச் சுற்றிக்கொண்டிருக்கிறாள், ரேஸ் முடிந்துவிட்டது என்று நீ சொன்னால்தான் நிற்பாள் என்று சொல்லிப் போனை நீட்டினேன். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. போனை வாங்கிக் காதில் வைத்தான்.

"அம்மா" என்றான். தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தான். "ரேஸ் முடிஞ்சு வண்டி நின்னுருச்சுங்கம்மா. நீங்களும் நில்லுங்க."

அம்மா பேசுவது எனக்கே கேட்டது. அவள் போனில் பேசினால் தெருவுக்கே கேட்கும்.

"நல்லபடியா வந்துட்டியா தம்பி? குரல் கொடுக்க ஆளில்லை, எத்தனைன்னு தெரியலை, அதான் நிக்காம சுத்திக்கிட்டே இருந்துட்டேன். ஜாஸ்தியாத்தான் இருக்கும். மிச்சத்த அடுத்த ரேஸுக்கு வச்சுக்கோ."

அவன் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, மேஜைமேல் இருந்த ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டான். அதன் முகக் கண்ணாடியையும் இழுத்து மூடினான்.

"கழட்டுடா, ரேஸ் முடிஞ்சுடுச்சு" என்றேன்.

அவன் கழற்றவில்லை.