சேட்டுக்குள் வந்த கடற்பறவை

மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் துறைமுகப் பக்கத்துக்கு முன்பின் அறியாத பறவைகள் வரும். நான் அப்போது கரையோரத்தில் ஐஸ் விற்கும் இடமொன்றில் வேலை செய்தேன். கடற்படை விடுகிற நேரத்துக்குத்தான் படகுகள் போகலாம். பல நாட்கள் அதுவும் இல்லை. ஐஸ் கட்டிகளை உமியால் மூடிவிட்டால் செய்வதற்கு வேறு வேலை இருக்காது. அப்படித்தான் வானத்தைப் பார்க்கும் பழக்கம் பிடித்தது.

சாம்பல் நிற ஆலாக்களை எல்லோருக்கும் தெரியும். காற்று நாட்கணக்கில் ஓயாமல் அடித்தால் முதுகு கறுத்த ஆலாக்கள் வரும். அவை கரையில் இறங்காமல் நீரை ஒட்டித் தெற்கே போய்க்கொண்டே இருக்கும். ஒருமுறை கவட்டை வாலுள்ள பெரிய கறுப்புப் பறவையொன்று கடற்கரைக்கு மேலே செட்டையடிக்காமல் மிதந்தது. குண்டு போட வந்த விமானம் என்று நினைத்துச் சந்தையில் சிலர் ஓடினார்கள். இறக்கக்கண்டிப் பக்கம், கூட்டம் திரும்பிப் போனபிறகும் போகாமல் நின்ற இரண்டு பூநாரைகளைக் கோடையில் கண்டேன். பலவற்றின் பெயர் எனக்குத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. யாரிடமும் கேட்கக் கூச்சம். அண்ணாந்து நிற்பவனைச் சென்றிக் காவலரணில் நிற்கும் ஆமிக்காரருக்கும் பிடிக்காது. ஆகவே தண்ணீரில் விழும் நிழலைப் பார்த்துப் பழகினேன்.

முப்பது கடந்தும் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வந்த பேச்சுகள் எல்லாம் பெண் வீட்டார் என்னை நேரில் பார்த்ததோடு முடிந்தன. கேள்வி கேட்டால் எனக்கு வாய் வராது. பிறகு குடாவுக்கு அக்கரையில், மூதூருக்குப் பக்கத்துக் கட்டைபறிச்சானில் ஒரு பேச்சு வந்தது. தனியாகச் சாப்பிட்டு அலுத்திருந்தேன். இதாவது சரிவர வேண்டுமென்று மனதுக்குள் கிடந்தது. பெண்ணின் தமையன் டவுனுக்கே வந்து என்னையும் அக்காவையும் மூதூர் லாஞ்சில் கூட்டிப் போனார். அதுவரை அவர், "பாப்பம்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

லாஞ்சில் ஏறும்போது அக்கா என் காதுக்குள் சொன்னாள்.

"கதையை நான் பாத்துக்கொள்ளுறன். நீ அங்க போய் முகட்டையும் வானத்தையும் பாக்காம மனிசரைப் பார்."

குடாவின் நடுவில் போகும்போது கூரையில் ஏதோ தொப்பென்று விழுந்து என் காலடிக்கு உருண்டது. பால் வெள்ளையில் ஒரு பறவை. கண்ணுக்கூடாக ஒரு கறுப்புக் கோடு, மஞ்சள் சொண்டு. வாலில் இரண்டு இறகுகள் உடம்பைவிட நீளமாக, நாடாபோல இருந்தன. அப்படியொன்றை நான் கண்டதே இல்லை. மேற்குக் கடலிலிருந்து காற்று தள்ளிக்கொண்டு வந்திருக்கவேண்டும். எழும்பி நிற்க அதனால் முடியவில்லை. கால்கள் எங்கோ பின்னால் இருந்தன.

"கறிக்குக் காணாது," என்றார் ஒருவர்.

"வாலைப் பாத்தா ஆரோ வளத்த சாமான் போல கிடக்கு. கடலுக்கை எறியுங்கோ தம்பி," என்றார் தமையன். அவர் முகம் சுளித்திருந்தது.

எறிய மனம் வரவில்லை. அது பக்கத்திலிருந்தவர்களைக் கொத்தப் பார்த்ததால், மேல் பொத்தானைக் கழற்றிச் சேட்டுக்குள் வைத்தேன். இருட்டானதும் அடங்கிவிட்டது. கரையில் இறங்கியதும் தண்ணீரில் விடலாம் என்றுதான் நினைத்தேன். அதன் நெஞ்சு என் வயிற்றில் அடிப்பதையே கவனித்துக்கொண்டிருந்ததில் கரை வந்ததும் தெரியவில்லை. சனத்தோடு சனமாக இறங்குதுறைச் சென்றியின் வரிசையில் போய் நின்றுவிட்டேன்.

உடம்பில் குண்டு கட்டியிருக்கவில்லை என்று ஆண்கள் சேட்டைத் தூக்கி வெறும் வயிற்றைக் காட்டிவிட்டுப் போகவேண்டும். எங்களுக்கு அது குனிந்து படலை தாண்டுவதுபோல, யோசிக்காமலே செய்கிற காரியம். என் முறை வந்ததும் கை தானாகச் சேட்டைப் பிடித்தது. அப்போது வயிற்றில் ஏதோ புடைத்து அசைவதை ஆமிக்காரன் கண்டான். அவன் கத்திய சத்தத்தில் வரிசை முழுவதும் மண்ணில் விழுந்தது. பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி விழுந்தாள். நல்ல சேலையோடு அக்கா விழுந்தாள். வெள்ளை வேட்டியோடு பெண்ணின் தமையன் முகங்குப்புறக் கிடந்தார். நான் மட்டும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் பறவை கழுத்துப் பக்கமாகத் தலையை நீட்டிக் கரகரவென்று கத்தியது. பிறகு விழுங்கியிருந்த மீனை என் சேட்டில் கக்கியது.

துவக்கு நீட்டியவன் சிரித்துவிட்டான். "கோழியா?" என்றான் தமிழில். கிடந்தவர்களும் தலையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்கள். சிலர் ஏசினார்கள். "விசரனடா இவன்" என்ற சொல் நன்றாகக் கேட்டது. ஆமிக்காரரில் பெரியவன் மட்டும் சிரிக்கவில்லை.

"இவன் யார் ஆள்? இங்க யாருக்குத் தெரியும்?"

உள்ளூரில் ஒருவர் பொறுப்பு நில்லாவிட்டால் முகாமுக்குக் கொண்டுபோவார்கள். போனவர்கள் எல்லோரும் திரும்பவில்லை. அக்கா அழத் தொடங்கினாள். தமையன் எழுந்து வேட்டியைத் தட்டினார். என்னைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார்.

"எங்கட மாப்பிள்ளை, சேர். என்ர தங்கச்சியைக் கட்டப்போறவர்."

ஊரில் பாதி அங்கே நின்றது. அவர் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது.

ஒரு ஆமிக்காரன் பறவையைத் தூரப் பிடித்துக்கொண்டுபோய்த் தண்ணீரில் விட்டான். வாலை நிமிர்த்தியபடி அது வெளிக்கடல் பக்கம் மிதந்து போனது. பறந்ததா என்று திரும்பிப் பார்க்க எனக்கு முகமில்லை.

பெண் வீட்டில் கதிரையில் இருத்தினார்கள். சேட்டிலிருந்து மீன் நாற்றம் எழுந்தது. குசினிக்குள் தமையன் தாயிடம் சொல்வது கேட்டது.

"வேற என்ன செய்யிறது? சொல்லிப்போட்டன். இனி மாத்த ஏலாது. ஊர் என்ன சொல்லும்?"

அக்காவின் முகம் மலர்ந்தது. எனக்கு அந்தக் கதிரையோடு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது. என்னை ஒருவரும் விரும்பி எடுக்கவில்லை. துவக்குக்கு முன்னால் என் உயிரைக் காப்பாற்ற ஒரு மனிதர் தன் தங்கையைக் கொடுத்திருந்தார்.

தேத்தண்ணியோடு வந்த பெண் எதிரில் நின்றாள். நான் தட்டத்தைப் பார்த்தேன்.

"அண்ணா சென்றியில சொன்னது அவரின்ர சொல்லு," என்றாள் அவள். சத்தம் போடவில்லை. "என்னை ஒருத்தரும் இன்னும் கேக்கேல்லை."

"வாயை மூடு பிள்ளை," என்று தாய் உள்ளேயிருந்து அதட்டினாள்.

அக்கா எனக்காகக் கதைக்க வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"ஓம். கேக்கேல்லைத்தான். அது சென்றிக்குச் சொன்ன கதை. நீங்கள் யோசிச்சுச் சொல்லுங்கோ. ஏலாது எண்டாலும் சரி."

அன்று முழுவதும் நான் பேசியது அவ்வளவுதான். திரும்பி வரும்போது அக்கா என்னைவிட்டு லாஞ்சின் மறுமுனையில் போய் இருந்தாள்.

அவள் சம்மதம் சொல்லியனுப்பியது மாரி தொடங்கிய பிறகு. அதுவரை ஐஸ் கொண்டு மூதூருக்குப் போகவேண்டி வந்த ஒவ்வொரு தடவையும் அன்று சிரித்த ஆமிக்காரன் தூரத்திலேயே கண்டு, "மாப்பிள்ளை" என்று கூப்பிடுவான். இல்லை என்று நான் சொன்னால் எனக்குப் பொறுப்பு நின்றவர் பொய்யராகிவிடுவார். ஓம் என்று சொன்னால், இன்னும் சரி சொல்லாத ஒருத்தியை என்னுடையவள் என்று சொன்னதாகிவிடும். காது சுட, தலையைக் குனித்துக்கொண்டு அவனைக் கடந்து போவேன்.