சோடாவும் ஆட்டு மூளையும்

ஆட்டு மூளையிலிருந்து கொலஸ்ட்ராலைப் பிரித்தெடுத்துப் பட்டம் வாங்கியவள் நான். தொண்ணூறுகளின் நடுவில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில், துடியலூர்க் கறிக்கடையில் ஆம்பளைகளுக்கு நடுவே நின்று ஏழெட்டு மூளை வாங்குவேன். ஊட்டுல விருந்தாளிங்களா என்று கடைக்காரர் கேட்பார். ஆமாம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன்.

வாங்கிய மூளையைக் காயவைத்துப் பொடித்து, பெரியநாயக்கன்பாளையத்து லேத் பட்டறையில் கடைந்த கனத்த எஃகு உருளைக்குள் அடைப்போம். அதற்குள் கரியமில வாயுவை ஏற்றி, சூடாக்கி, சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் இருநூறு மடங்குக்கு மேல் அழுத்துவோம். அப்போது அது வாயுவாகவும் இருக்காது, திரவமாகவும் இருக்காது. இரண்டுங்கெட்டான். வாயுவைப்போல் சந்துபொந்தெல்லாம் நுழையும், திரவத்தைப்போல் கொழுப்பைக் கரைக்கும். அழுத்தத்தை இறக்கினால் வாயு பறந்துபோய்க் குடுவையில் வெளிறிய மெழுகு படியும். அதில்தான் கொலஸ்ட்ரால் இருக்கும்.

அந்த வருடம்தான் அன்னூரில் அப்பாவுக்கு முதல் நெஞ்சுவலி வந்தது. ரத்தத்தில் கொலஸ்ட்ரால் எக்கச்சக்கம், இனிமேல் கறி என்ற பேச்சே கூடாது, இன்னொரு வலி வந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா தோட்டத்திலிருந்து வந்து ரசச்சோற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். பார்க்கச் சகிக்கவில்லை. பேச்சை மாற்றலாமே என்றும், கொஞ்சம் பீற்றிக்கொள்ளலாமே என்றும் என் ஆராய்ச்சியைச் சொன்னேன்.

"கொலஸ்ட்ராலைக் கரைக்கறது ஒரு கேஸுதானுங்கப்பா. சோடாவுல இருக்குதே, அதே கேஸு."

எங்கள் கேஸ் சிலிண்டர்கூட சோடாக் கம்பெனிகளுக்குப் போடுகிறவரிடமிருந்துதான் வருகிறது என்றேன். அதையும் சொல்லாமல் இருந்திருக்கலாம். இந்த வாயை என்ன செய்வது?

இரண்டு மாதம் கழித்துக் குலதெய்வக் கோயிலில் கெடா வெட்டு. பங்காளிகள் பரிமாறும் இலையில் கறியை ஒதுக்குவது எங்கள் பக்கம் மரியாதை இல்லை. அப்பா ஒதுக்கவில்லை, இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார். பிறகு நிதானமாக இரண்டு கோலி சோடாவை உடைத்துக் குடித்தார். கறி தின்றால் சோடா குடிப்பது ஊர் வழக்கம்தானே என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் பக்கத்து இலைக்காரரிடம் அவர் சொன்னது காதில் விழுந்தது. கறிக்கொழுப்பை இந்த கேஸு கரைத்துவிடுமாம், அவர் மகள் காலேஜில் கண்டுபிடித்திருக்கிறாளாம்.

வீட்டுக்கு வந்ததும் உருளையின் படத்தை வரைந்து காட்டினேன். அழுத்தம் இல்லாமல் அந்த வாயு எதையும் கரைக்காது, வெறும் ஏப்பம்தான் வரும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சோடாவுலயும் பிரஷர் இருக்குதல்ல அம்மணி? இல்லாம கோலி எப்படி மேல போயி நிக்கும்?"

நேர்முகத் தேர்வில்கூட யாரும் என்னை இப்படி மடக்கியதில்லை. அந்த அழுத்தம் பத்தாது, பத்துகிற அழுத்தத்தில் மனுசன் உயிரோடு இருக்க மாட்டான் என்று கத்தினேன். படிச்ச புள்ளைக்குத் தன்னடக்கம் என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். வாரா வாரம் கறி, வாரா வாரம் சோடா. சமைக்கமாட்டேன் என்று அம்மா படுத்துக்கொண்டால் தன் தங்கச்சி வீட்டுக்குப் போய்த் தின்றுவிட்டு வருவார். ஒருநாள் ஆத்திரத்தில் சோடாப் பெட்டியைத் தூக்கி வாசலில் எறிந்தேன். பாட்டில்கள் நொறுங்கின. அடுத்த வாரம் வேறு பெட்டி வந்திருந்தது.

நான் ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்தபோது இரண்டாவது வலி வந்தது. ரத்தக்குழாய் அடைத்துவிட்டது, செய்வதற்கு அதிகமில்லை என்று டாக்டர் வராந்தாவில் என்னிடம் சொன்னார். எத்தனையோ மூளைகளிலிருந்து வழித்து எடுத்த அதே சனியன்தான். என் அப்பாவின் நெஞ்சிலிருந்து ஒரு துளி எடுக்க எனக்கு வழி தெரியவில்லை. உள்ளே போய்க் கட்டிலருகே நின்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சோடா பத்தலையாட்ட இருக்குது அம்மணி. இன்னொண்ணு சேத்திக் குடிச்சிருந்தா கரைஞ்சிருக்குமா?"

ஒரு வருடமாக இல்லை இல்லை என்று கத்தியவள் நான்.

"கரைஞ்சிருக்குமுங்கப்பா" என்றேன்.

அப்பாவின் முகம் தெளிந்தது. காலடியில் நின்றிருந்த அம்மாவைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"பாத்தயா, புள்ள சொன்னது பொய்யில்ல. நாந்தான் கம்மியாக் குடிச்சுப்போட்டேன்."