சென்டரில் நின்ற அக்கா

அப்பா உட்கார்ந்து கால்பந்து பார்த்து நான் கண்டதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் டிவியில் ஆட்டம் தொடங்கியதும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். அப்புறம் வாசலுக்கும் டிவிக்கும் நடுவே நடைதான். இங்கிலாந்தில் எங்கோ இருந்த ஒரு அணியை, யாரும் கேட்டுக்கொள்ளாமலே தன் தலையில் சுமந்துகொண்டிருந்தார். அந்த அணிக்குக் கோல் போடுவதே மறந்துபோயிருந்தது. அதன் முன்வரிசையை எப்படிப் பிரித்துக் கட்டலாம் என்று அப்பாவிடம் ஏகப்பட்ட யோசனைகள் இருந்தன. இங்கிலாந்து அவற்றைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆகவே அத்தனையும் மதுரை ஆனையூரில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பெண்கள் அணியின் மேல் வந்து விழுந்தன.

எங்கள் அணிக்கும் அதே வியாதிதான். அந்த வருடம் நான் ஏழாம் வகுப்பு, இடது பக்க ஃபார்வர்டு. அக்கா பத்தாம் வகுப்பு, சென்டர் ஃபார்வர்டு. வலது பக்கம் உசிலம்பட்டிக்காரி ஒருத்தி, சித்தி வீட்டில் தங்கிப் படித்தவள். மூன்று பேரும் சேர்ந்து மூன்று ஆட்டங்களில் போட்ட கோல் ஒன்றுமில்லை. இன்னும் ஒரே ஒரு ஆட்டம் பாக்கி. அதிலும் கோல் விழவில்லையென்றால் பெண்களுக்குக் கால்பந்து வேண்டாம், மைதானத்தை வேறு எதற்காவது கொடுத்துவிடலாம் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குப் பாடம் நடக்கும்போதும் பெஞ்சுக்கு அடியில் கால் தானாக உதைத்துக்கொண்டே இருந்தது.

எங்கள் பி.டி. டீச்சர் அடிப்படையில் கபடிக்காரர். கால்பந்தில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் விசில் மட்டும். ஆனாலும் நியாயமானவர், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவார்.

"பந்து போற எடத்துக்கெல்லாம் பதினோரு பேரும் ஓடுனா எப்புடிடி? சந்தையில மாடு அத்துக்கிட்டுப் போனாப்புலல்ல இருக்கு!" என்று கத்துவார். அதற்கு என்ன வைத்தியம் என்பது அவருக்கும் தெரியாது.

அப்பாவுக்குத் தெரியும். அப்பா ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். மை அப்பிப் பாழான தாள்களின் பின்பக்கத்தில் பதினோரு வட்டம் போட்டு, அம்புக்குறி வரைந்து, கீழே குறிப்பு எழுதி என்னிடம் கொடுத்தனுப்புவார். தானே பள்ளிக்கூடத்துக்கு வர மாட்டார். முதல் ஆட்டத்தில் கோட்டுக்கு வெளியே நின்று போட்ட கூச்சலில், நடுவர் அவரைக் கேட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டார். அந்த அவமானம் போகவில்லை. ஆகவே டீச்சருக்கும் அப்பாவுக்கும் நடுவே தபால்காரி நான்தான்.

முதல் தாளில் பந்தைத் தூக்கி அடிக்கக் கூடாது, நம் மைதானம் கட்டாந்தரை, தரையோடு உருட்ட வேண்டும் என்று இருந்தது. அடுத்ததில் ஓரத்தில் நிற்பவர்கள் கோட்டை விட்டு உள்ளே வரக் கூடாது என்றிருந்தது. "உங்கப்பா எம்புட்டு வெவரமா எழுதிருக்காரு பாரு" என்று டீச்சர் தாளைக் கண்ணில் ஒற்றாத குறையாக வாங்கிக்கொள்வார். யோசனைகளும் பலிக்கத்தான் செய்தன. மூன்றாவது ஆட்டத்தில் பந்து நாலைந்து தடவை அழகாக அக்காவின் காலுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே போய் நின்றுவிட்டது. ஒருமுறை பக்கவாட்டில் தள்ளிவிட்டாள். ஒருமுறை கம்பத்துக்கு வெகுதூரம் தள்ளி அடித்தாள். முதல் ஆட்டத்தில் இதே அக்கா அடித்த அடியில் எதிரணி கோல் கீப்பர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டாள். அப்படிப்பட்டவளுக்கு என்ன ஆயிற்று என்று யாருக்கும் விளங்கவில்லை.

அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ரேஷன் கார்டை நகலெடுக்க வந்தவர் காத்திருக்க, மெஷினைச் சுற்றிச் சுற்றி நடந்தார். "எல்லாம் சரியா வருது. கடைசி அடிதான் இல்ல. ஏன் இல்ல?" என்று அந்த ரேஷன் கார்டுக்காரரைக் கேட்டார்.

"எனக்கு ரெண்டு காப்பி போதும்ணே" என்றார் அவர்.

கடைசி ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது அப்பா நாலாக மடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார். மற்ற நாளெல்லாம் ஒவ்வொரு அம்புக்குறிக்கும் விளக்கம் சொல்லி என் முதல் பீரியடைக் கெடுப்பவர், அன்று "டீச்சர்கிட்டக் குடுத்துரு" என்பதோடு நிறுத்திக்கொண்டார். அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பஸ் ஸ்டாப்பில் நின்று பிரித்துப் பார்த்தேன்.

மேல் பாதியில் புது யோசனை. நாம் கத்துவது எதிரணிக்குப் புரிவதால்தான் முன்னாலேயே வந்து மறிக்கிறார்கள். ஆகவே இடது, வலது, விடு என்ற மூன்றையும் இனி சௌராஷ்டிரத்தில் கத்த வேண்டும். எங்கள் வீட்டுப் பாஷை அதுதான். (வீட்டில் பேசியதையெல்லாம் இங்கே தமிழாக்கித்தான் எழுதுகிறேன்.) அந்த மூன்று சொற்களையும் உசிலம்பட்டிக்காரிக்கு நானும் அக்காவும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்பாவை இங்கிலாந்து தவறவிட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

கீழ்ப் பாதியைப் பார்த்ததும் அந்தச் சிலிர்ப்பெல்லாம் போய்விட்டது. பதினோரு வட்டத்தில் அக்காவின் பெயர் பின்வரிசையில் ஒரு மூலையில் இருந்தது. சென்டரில் உசிலம்பட்டிக்காரி. கீழே, "பெரியவளைப் பின்னால் நிறுத்தவும். காரணம் கேட்க வேண்டாம்" என்று இருந்தது.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அக்காவுக்கு அது கடைசி ஆட்டம். கோல் போட்டு அணியைக் காப்பாற்ற வேண்டியவளே அவள்தான். பெற்ற அப்பாவே அவளைத் தூக்கி மூலையில் போடுவதா? அதுவும் காரணம் கூடச் சொல்லாமல்? மடிப்பில் வைத்து நகத்தால் கீறி தாளை இரண்டாகக் கிழித்தேன். கீழ்ப் பாதியைச் சுக்கல் சுக்கலாக்கி, கரும்புச்சாறு வண்டிக்காரர் சக்கை போடும் கூடைக்குள் திணித்தேன். மேல் பாதியை டீச்சரிடம் கொடுத்தேன். அன்று முழுவதும் அக்காவைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் தரையில் கால் பாவாமல் திரிந்தேன்.

கடைசி ஆட்டம் அவனியாபுரத்தில். ஷேர் ஆட்டோ இரண்டில் நெருக்கியடித்துப் போனோம். விமான நிலையத்துக்குப் பக்கத்து மைதானம் அது. தலைக்கு மேல் விமானம் இறங்கும்போதெல்லாம் நாங்கள் பதினோரு பேரும் வாயைப் பிளந்து பார்ப்போம். உள்ளூர்ப் பெண்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பந்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இந்த ஆபத்தை அப்பா எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை.

பாஷை யோசனை முதல் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. உசிலம்பட்டிக்காரி, பாவம், கற்றுக்கொண்ட சொல்லைத் தன் ஊர் இழுவையோடு ஓங்கிக் கத்தினாள். மறு நொடியே எதிரணி கோல் கீப்பர், என் வயதுதான் இருக்கும், பொடிசு, "எடது பக்கம் வருது, எடது பக்கம் போங்கடி!" என்று தமிழில் அதைவிடச் சத்தமாகக் கத்தினாள். இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை என்னைப் பார்த்து, கல்யாண வீட்டில் விசாரிப்பது போல, "உங்க வீடு எங்க இருக்கு?" என்று எங்கள் பாஷையிலேயே கேட்டாள்.

மதுரையில் எந்தத் துணிக்கடையில் ஏறினாலும் எங்கள் பாஷை காதில் விழும். அதை ரகசிய பாஷை என்று நம்ப அப்பா ஒருவரால்தான் முடியும். ஆனையூரில் எங்கள் தெருவில் அதைப் பேசும் வீடு எங்களுடையது மட்டும்தான். தெருவையே ஊர் என்று நினைத்துவிட்டார். இடைவேளையில் டீச்சர் தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்த வேகத்தில் மூடி தெறித்தது.

"ரகசியம்னு எழுதுனாரே உங்கப்பா! அந்தப் புள்ள மைக் வைக்காத கொறையா எல்லாருக்கும் சொல்லுது! பேசாமத் தமிழ்லயே கத்துங்கடி."

தமிழிலேயே கத்தினோம். இரண்டு பக்கமும் கோல் இல்லாமல் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் கடிகாரத்தைப் பார்ப்பதை நான் பார்ப்பதும், நான் பார்ப்பதை அவர் பார்ப்பதுமாக இருந்தோம். அப்போதுதான் உசிலம்பட்டிக்காரி வலது கோட்டை ஒட்டியே ஓடி, அப்பா வரைந்த அம்புக்குறி மாதிரியே பந்தை உள்ளே தள்ளினாள். அக்காவுக்கு முன்னால் யாருமே இல்லை. அந்தப் பொடிசு மட்டும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். அக்கா காலைப் பின்னுக்கு இழுத்தாள்.

"அக்கா, மூஞ்சில அடிச்சிராதீங்கக்கா!" என்றாள் அந்தப் பொடிசு, எங்கள் பாஷையில், பாதிச் சிரிப்பும் பாதிப் பயமுமாக.

அக்கா காலை இறக்கிவிட்டாள். அடிக்கவே இல்லை. பந்து அவள் காலடியில் அப்படியே கிடந்தது. அந்தப் பெண் ஓடிவந்து குனிந்து அதைப் பொறுக்கிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் விசில் ஊதிவிட்டார்கள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் எல்லோரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். என்னால் மட்டும் பொறுக்க முடியவில்லை. "நம்ம பாஷை பேசுனா போதும், கோல விட்டுக்குடுத்துருவியா? நம்மாளுன்னுதான அடிக்கல?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி தமிழிலேயே கேட்டேன். அக்கா இல்லை என்று சொல்லவில்லை. மற்றவர்கள் அதையே காரணமாக எடுத்துக்கொண்டார்கள். பல நாள் அவளோடு யாரும் பேசவில்லை. அடுத்த வாரம் பந்தை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, டீச்சர் எங்களுக்குக் கபடிக் கோடு போட்டார். ஓரளவு சந்தோஷமாகவே போட்டார்.

போன வருடம்தான் அக்கா அதைச் சொன்னாள். அவள் மகளைப் பள்ளிக்கூட அணியில் சேர்ப்பது பற்றிப் பேச்சு வந்தபோது, ஏதோ கடையில் வாங்க மறந்த சாமானைச் சொல்வது போலச் சொன்னாள். முதல் ஆட்டத்தில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அந்தக் கோல் கீப்பருக்கு வலது கை விரலில் எலும்பு முறிந்துவிட்டதாம். அரைப் பரீட்சையே எழுதவில்லையாம். அது காதில் விழுந்ததிலிருந்து, எதிரே ஒருத்தி நின்றால் அக்காவுக்குக் கால் எழவில்லை. யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. கடைசியில் அப்பாவிடம் மட்டும் போய் அழுதிருக்கிறாள். என்னைப் பின்னால் நிறுத்தச் சொல்லுங்கள், ஆனால் ஏன் என்று யாருக்கும் தெரிய வேண்டாம் என்று.

"சரிம்மான்னு சொன்னாரு. செய்யல. தன்னோட டீம் கோல் போடணும்ங்கிறதுதான் அவருக்குப் பெருசாப் போச்சு" என்றாள் அக்கா. "அதுக்கப்புறம் அவருகிட்ட நான் எதையுமே கேட்டதில்ல."

உண்மைதான். கல்லூரிக்கு இடம் பார்த்தது எங்கள் தாய்மாமா. வேலைக்குச் சொல்லிவிட்டது மாமா. கல்யாணத்துக்குக்கூட, மாப்பிள்ளை பிடித்திருக்கிறது என்பதை மாமாவிடம்தான் சொன்னாள். அக்காவுக்கு அப்பாவைவிட மாமாவைப் பிடிக்கும் என்று நாங்கள் கேலி பேசிக்கொண்டிருந்தோம். அக்கா சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. அப்போதும் தாளைக் கிழித்ததைச் சொல்லவில்லை. நேரில் சொல்லத் தைரியம் இல்லாததால்தான் இதை எழுதுகிறேன்.

அவனியாபுரத்திலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் நான் நேராகக் கடைக்குத்தான் ஓடினேன். அப்பா கோல் விழுந்ததா என்று கேட்கவில்லை.

"அக்காவ எங்க நிப்பாட்டுனாங்கம்மா?"

"சென்டர்லதான்ப்பா!"

"டீச்சர் நான் எழுதுனதப் பாக்கலையா?"

"பாத்தாங்களே" என்றேன். பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லாததில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. அப்பா இருக்கிற வேலையை விட்டுவிட்டுச் சீக்கிரமே கடையைப் பூட்டினார்.

வீட்டில் அக்கா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்பாவின் தட்டில் ஒன்றை வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனாள். அப்பா ஏதோ சொல்ல வந்து, என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். கோல் போடாமல் விட்டதற்காக அக்கா மேல் அவருக்குக் கோபம் என்று நான் நினைத்தேன். ஆட்டோவில் அவளைத் திட்டியதும் எனக்கு உறுத்தியது. ஆகவே பெரிய மனது பண்ணி, "விடுங்கப்பா, நம்மாளுதான. அடுத்த வருசம் வேற சென்டர் பாத்துக்கலாம்" என்றேன்.

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ள இவர்களுக்குத் தெரியவில்லையே என்று நினைத்தபடி, நான் இன்னொரு தோசை கேட்டேன்.